வரத்துக் கால்வாய்க்கு இரண்டு நாள்

உழைப்பு முகாம் என்பது, கூலி வாங்காத ஒரு குழு ஓர் ஊரில் தங்கி, அந்த ஊருக்குப் பொதுவான ஒரு வேலையைக் குறித்த நாளுக்குள் செய்து முடிப்பது. கல்லூரிகளில் இயங்கும் நாட்டு நலப்பணித் திட்டம் இதை ஏழு நாள் சிறப்பு முகாமாக நடத்துகிறது. இளைஞர் மன்றங்களும், பள்ளியின் முன்னாள் மாணவர்களும், சென்னையில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்களும் அதையே சனி, ஞாயிறு என்று இரண்டு நாளுக்குள் நடத்துகிறார்கள். தூர் வாருவது, வாய்க்கால் வெட்டுவது, பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிப்பது, கோயில் வளாகத்தில் உழவாரப்பணி செய்வது, பனை விதை ஊன்றுவது ஆகியவை இந்த முகாம்களின் வழக்கமான வேலைகள்.

இத்தகைய முகாமுக்குத் தமிழ்நாட்டில் மிகப் பொருத்தமான இடங்களில் ஒன்று காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டம். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடல் இந்த வட்டத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் இங்கே சாகுபடி பெரிதும் ஏரிகளை நம்பியது. ஆறுகள் ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையின் நீரை ஏரியில் பிடித்து வைத்தால்தான் நெல் விளையும், கிணறு ஊறும். மழைநீர் ஏரிக்கு வந்து சேரும் வரத்துக் கால்வாயில் ஐம்பது அடி தூர்ந்திருந்தாலும், அதற்குக் கீழே உள்ள ஏரி அரைகுறையாகவே நிரம்பும். இந்த ஐம்பது அடியைத் திறந்துவிடுவது இரண்டு நாள் உழைப்பால் முடியக்கூடிய வேலை. அதைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதும், முடித்த பிறகு பராமரிக்க ஆள் வைப்பதும்தான் கடினம். முகாமின் வெற்றி தோல்வி இந்த இரண்டிலும் தீர்மானமாகிறது.

ஏரி வாரியம் கற்றுத்தருவது

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையைச் சொல்பவை என்பதால் பாடநூல்களிலெல்லாம் இடம்பெற்றவை. ஊரின் முப்பது குடும்புகளிலிருந்து, அதாவது பகுதிகளிலிருந்து, ஆண்டுக்கு முப்பது பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியத்துக்கும், பன்னிரண்டு பேர் தோட்ட வாரியத்துக்கும், மீதி ஆறு பேர் ஏரி வாரியத்துக்கும் போனார்கள். பதவிக்காலம் 360 நாள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரும், அவருடைய நெருங்கிய உறவினரின் பெயரும் ஓலையில் எழுதப்படக் கூடாது. கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவரும் மறுபடி வர முடியாது.

ஏரியைக் காப்பது தனியாக ஆறு பேரை அமர்த்த வேண்டிய பொறுப்பு என்று அந்தச் சபை நினைத்தது. பல்லவர் காலத்திலிருந்தே வைரமேகத் தடாகம் என்று கல்வெட்டுகளில் பெயர் பெற்ற பெரிய ஏரி அந்த ஊருக்கு இருந்தது. மழை பெய்தபோது மட்டும் நினைத்துக்கொள்ளும் வேலையாக அதன் பராமரிப்பு விடப்படவில்லை. ஆண்டுதோறும் ஆள் மாறினாலும் பொறுப்பு மாறாமல் தொடர்ந்தது.

அந்த ஏற்பாட்டின் குறையையும் மறக்கக் கூடாது. அது பிராமணர்களுக்குத் தானமாக விடப்பட்ட சதுர்வேதிமங்கலத்தின் சபை. நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உடைய ஆண்களின் பெயர் மட்டுமே குடத்தில் விழுந்தது. மண் சுமந்தவர்களுக்குச் சபையில் இடமில்லை. முடிவெடுப்பவரும் மண்வெட்டி பிடிப்பவரும் ஒரே வரிசையில் நிற்க முடியும் என்பது இன்றைய முகாமின் பெருமை. பொறுப்பையும் கணக்கையும் எழுதி வைத்து நடத்தியது அன்றைய சபையின் பலம். இரண்டும் சேர வேண்டும்.

ஊரார் உழைப்பால் நீர்நிலையைக் காக்கும் வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். ஆங்கிலேயர் ஆட்சியில் 1858-இல் வந்த சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடையும் ஆபத்து நேர்ந்தால் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்க அதிகாரிகளுக்கு இடம் கொடுத்தது. காலப்போக்கில் பராமரிப்பு அரசுத் துறைகளின் கைக்குப் போக, ஊரின் பங்கு தேய்ந்தது. 2017 மார்ச் மாதத்தில் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தை அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் மணிமங்கலம் ஏரியில் தொடங்கியது. செலவில் பத்தில் ஒரு பங்கைப் பாசன விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்பது அதன் விதியாக இருந்தது.

முகாம் என்ற வடிவம்

வெளியூர்த் தன்னார்வலர்கள் வந்து தங்கி உழைக்கும் முகாமுக்கு உலக அளவில் நூறாண்டு வரலாறு இருக்கிறது. முதல் உலகப்போர் முடிந்தபின், சுவிட்சர்லாந்தின் பியர் செரசோல் பல நாட்டு இளைஞர்களைத் திரட்டி 1920-இல் பிரான்சின் வெர்துன் அருகே எஸ்ன் என்ற சிற்றூரைத் திரும்பக் கட்டப் போனார். வேலை நன்றாகவே நடந்தது. ஆனால் குழுவில் ஜெர்மானியர்கள் இருந்ததை, போரில் எல்லாம் இழந்த அந்த வட்டாரத்தால் ஏற்க முடியவில்லை. சில மாதங்களில் முகாம் கலைந்தது. அங்கிருந்து வளர்ந்த சர்வதேசக் குடிமைச் சேவை என்ற அமைப்பு, 1934-ஆம் ஆண்டு பூகம்பத்துக்குப் பிறகு பீகாருக்கு வந்து கிராமங்களைக் கட்ட உதவியது. நல்ல மனம் மட்டும் போதாது, ஊரின் சம்மதம் முதலில் வேண்டும் என்பதற்கு எஸ்ன் முகாம் ஒரு சான்று.

இலங்கையில் 1958-இல் கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ. டி. அரியரத்ன தம் மாணவர்களைக் கனத்தொலுவ என்ற பின்தங்கிய கிராமத்துக்கு அழைத்துப் போனார். அந்த முகாமிலிருந்து சர்வோதய சிரமதான இயக்கம் பிறந்து தீவெங்கும் பரவியது. மாணவர்கள் தனியாக வேலை செய்துவிட்டுத் திரும்பாமல் கிராமத்தாரோடு சேர்ந்து வேலை செய்ததும், எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் குடும்பக் கூட்டத்தை முகாமின் பகுதியாக்கியதும் அந்த இயக்கத்தின் வலிமை.

இந்தியாவில் காந்தி நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. இதில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் சமூகப் பணி செய்ய வேண்டும். தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் முகாம் அதற்கு மேல் வருவது. தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளிகளிலும் இத்திட்டம் இயங்குவதால், முகாம் என்ற சொல் கிராமங்களுக்குப் புதிதில்லை.

எந்த வேலை?

முகாம் நடத்துவோர் முதலில் போட வேண்டியது ஓர் எளிய கணக்கு. பழகிய தொழிலாளி இலகுவான மண்ணில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 100 கன அடி, அதாவது ஒரு யூனிட் மண் வெட்டுவார். தன்னார்வலர்களுக்குக் கை பழகியிருக்காது. வெட்டுபவர், அள்ளுபவர், சுமப்பவர் எல்லாரையும் சேர்த்துச் சராசரியாக ஆளுக்கு 25 கன அடி என்று வைத்துக்கொள்வது நியாயமான மதிப்பு. நாற்பது பேர் வந்தால், தண்ணீர், பரிமாறல் போன்ற வேலைகள் போக முப்பது பேர் களத்தில் நிற்பார்கள். இரண்டு நாளில் 1,500 கன அடி மண் நகரும்.

நூறு ஏக்கர் ஏரியில் ஓர் அடி வண்டலை அகற்ற 43,56,000 கன அடி மண் எடுக்க வேண்டும். இதே வேகத்தில் போனால் அதற்கு 2,900 முகாம்கள் தேவைப்படும். ஆகவே ‘ஏரியைத் தூர் வாருகிறோம்’ என்று அறிவித்து இறங்கும் இரண்டு நாள் முகாம், படம் எடுத்துக்கொள்வதோடு முடியும். அதே 1,500 கன அடி உழைப்பை மூன்றடி அகலமும் ஓர் அடி தூரும் உள்ள கால்வாயில் செலவிட்டால் 500 அடி நீளம், ஏறக்குறைய 150 மீட்டர், முழுதாகத் திறக்கும். ஏரிக்குள் மண் எடுப்பது பொக்லைன் வேலை. வண்டி நுழைய முடியாத குறுகிய கால்வாய், சிறுபாலத்தின் அடியில் அடைத்த குப்பை, கரையோரப் புதர் ஆகியவை மனிதக் கைகளுக்கான வேலை.

செடி அகற்றுவதிலும் வேறுபாடு உண்டு. ஆகாயத்தாமரையை ஆட்கள் இழுத்து எடுக்கலாம். ஆனால் கரை ஓரத்திலேயே குவித்தால் அடுத்த மழையில் மறுபடி நீருக்குள் போகும். தள்ளிக் கொண்டுபோய்க் காயவிட்டு உரக்குழியில் இட வேண்டும். நெய்வேலிக் காட்டாமணக்கின் தண்டு ஈர மண்ணில் விழுந்த இடத்திலேயே வேர்விடும். வெட்டிப் போட்டால் ஒன்று பத்தாகும். துண்டுகளைப் பொறுக்கி எடுத்து உலர்த்துவது வெட்டுவதைவிட முக்கியம். சீமைக் கருவேலம் அடி வேரோடு போகாவிட்டால் திரும்பத் துளிர்க்கும். முற்றிய மரம் இயந்திரத்துக்கும் ஏலத்துக்கும் உரியது. கன்றுகளைப் பிடுங்குவதோடு தன்னார்வலர்கள் நிறுத்திக்கொள்ளலாம்.

தொடக் கூடாதவையும் உண்டு. மதகும் கலங்கலும் பொறியாளர் பார்வையில் மட்டுமே பழுது பார்க்கப்பட வேண்டும். கலங்கலின் உயரத்தில் கை வைத்தால் ஏரிக்கு மேலே உள்ள நிலங்கள் மூழ்கும், அல்லது கரைக்கு ஆபத்து வரும். கழிவுநீர்த் தொட்டியிலோ மூடிய சாக்கடையிலோ ஒருவரையும் இறக்கக் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றி அதில் ஆள் இறக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது.

கோயில் பணியானால் கூடுதல் கவனம் வேண்டும். அப்பர் அடிகள் கையில் உழவாரத்தோடு காட்சி தருவதை முன்மாதிரியாகக் கொண்டு தமிழ்நாட்டில் பல குழுக்கள் ஞாயிறுதோறும் கோயில்களில் பணி செய்கின்றன. பிரகாரத்துப் புல், குளத்துக் குப்பை, நந்தவனம் ஆகியவை அவர்களுக்கு உரிய இடங்கள். கல்வெட்டுள்ள சுவரில் சுண்ணாம்பு பூசுவதும், மணல் பீய்ச்சிக் கழுவுவதும், கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் எழுத்தை அழித்துவிடும். வைகுண்டப் பெருமாள் கோயில் போல இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் துறையின் அனுமதியின்றி எந்தப் பணியும் கூடாது.

இன்னொரு கேள்வியையும் தேர்வின்போதே கேட்க வேண்டும்: இந்த வேலை ஊரில் ஒருவரின் கூலியைப் பறிக்கிறதா? ஊரக வேலை உறுதித் திட்டத்தில் எடுக்க ஊராட்சி ஏற்கெனவே பட்டியலிட்ட பணியை இலவசமாகச் செய்து கொடுத்தால், அந்த வேலை நாள்களை நம்பியிருந்த பெண்களுக்கு இழப்பு. பட்டியலில் இல்லாத, யார் கையிலும் விழாமல் கிடக்கும் பணிதான் முகாமுக்குத் தகுந்தது.

யாரிடம் கேட்பது?

நூறு ஏக்கருக்கு மேல், அதாவது 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கின்றன. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. முதல் வகைக்கு நீர்வளத் துறையின் உதவிப் பொறியாளரிடமும், இரண்டாம் வகைக்கு வட்டார வளர்ச்சி அலுவலரிடமும் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். விவசாயிகள் வண்டல் மண்ணை வயலுக்கு எடுக்க விரும்பினால் வட்டாட்சியர் அலுவலகத்தில் தனியே விண்ணப்பிக்க வேண்டும். முகாமில் எடுத்த மண்ணை யாரும் விற்கக் கூடாது.

கால்வாய் எந்தப் புல எண்ணில் ஓடுகிறது, எவ்வளவு அகலம் என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள புல வரைபடம் காட்டும். பல ஊர்களில் வரைபடத்தில் இருபது அடியாக இருக்கும் கால்வாய் தரையில் நான்கடியாகச் சுருங்கியிருக்கும். அந்த ஆக்கிரமிப்பை அகற்றுவது அரசின் வேலை. தன்னார்வலர்கள் யாருடைய வரப்பிலும் மண்வெட்டி வைக்காமல், சர்ச்சையில்லாத நீளத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். வரப்புச் சண்டைக்குள் மாட்டிக்கொண்ட முகாம் ஊரில் பகையை விதைத்துவிட்டுத் திரும்பும்.

அலுவலகக் கடிதத்தைவிடப் பெரியது கிராம சபையின் ஒப்புதல். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. முகாமின் கால அட்டவணையை இந்த நாள்களை வைத்தே போட்டால் வேலை எளிதாகும். ஆகஸ்ட் 15 சபையில் தீர்மானம், செப்டம்பர் கடைசி வாரத்தில் முகாம், அக்டோபர் 2 சபையில் கணக்கு என்பது வரத்துக் கால்வாய் வேலைக்கு மிகப் பொருந்தும் வரிசை. வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்பாகக் கால்வாய் திறப்பதால் செடி மறுபடி மண்டுவதற்குள் தண்ணீர் ஓடிவிடும். பெரும்பாலும் காலாண்டு விடுமுறையும் அந்த நாள்களை ஒட்டியே வருவதால் பள்ளிக் கட்டடம் தங்கக் கிடைக்கும். பனை விதை ஊன்றுவதற்கும் அதுவே பருவம்.

கோடையில் நடத்துவதானால் மே 4 முதல் 28 வரையிலான அக்கினி நட்சத்திர நாள்களைத் தவிர்க்க வேண்டும். ஏரி வறண்டிருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்கள் கரைச் சீரமைப்புக்கும் குளத்துப் படிக்கட்டு வேலைக்கும் ஏற்றவை. மார்ச் 22 சபையில் பேசி ஏப்ரல் கடைசியில் முகாம் வைக்கலாம்.

ஆறு வார ஆயத்தம்

முதல் வாரத்தில் மூன்று நான்கு பேர் கால்வாய் முழுதும் நடந்து பார்க்க வேண்டும். கூடவே மடை திறந்து நீர் பாய்ச்சும் ஊரின் நீர்க்கட்டியையும், கடைமடை விவசாயி ஒருவரையும், ஆடு மாடு மேய்க்கும் ஒருவரையும் அழைத்துச் செல்வது அவசியம். எந்த இடத்தில் தண்ணீர் தேங்குகிறது, எங்கே வழிந்து வீணாகிறது என்பது வரைபடத்தில் இருக்காது. அது அவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாம் வாரத்தில் அளவு. நாடா பிடித்து 500 அடியைக் குறித்து, ஐம்பது அடிக்கு ஒரு முளை அடித்து எண் எழுத வேண்டும். சிறுபாலத்தின் அடித்தளம்தான் பழைய மட்டம். அதற்குக் கீழே தோண்டினால் அங்கே நீர் தேங்கும். கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவலைக் கொண்டு ஒவ்வொரு முளையிலும் எத்தனை அங்குலம் எடுக்க வேண்டும் என்று எழுதி வைத்தால், வேலை நாளில் வாக்குவாதம் இருக்காது.

மூன்றாம், நான்காம் வாரங்களில் ஆட்கள். பாதிப் பேராவது உள்ளூர்க்காரர்களாக இருக்க வேண்டும். வெளியூரார் மட்டும் உழைத்து ஊர் வேடிக்கை பார்க்கும் முகாம், அடுத்த ஆண்டு கால்வாய் தூரும்போது ‘அவர்கள் வந்து செய்வார்கள்’ என்ற எதிர்பார்ப்பைத்தான் விட்டுச்செல்லும். ஊர்த் தெருவையும் காலனியையும் ஒரே நாளில், ஒரே வார்த்தையால் அழைக்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்த மாணவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் கடிதம் கட்டாயம். ஆஸ்துமா, வலிப்பு, சர்க்கரை உள்ளவர்களின் பெயரையும் அவர்கள் எடுக்கும் மருந்தையும் கேட்டு வைக்க வேண்டும்.

ஐந்தாம் வாரத்தில் கருவிகள். முப்பது பேருக்குப் பன்னிரண்டு மண்வெட்டி, இருபது பாண்டு சட்டி, நான்கு கடப்பாரை, பத்து அரிவாள், கையுறைகள், கயிறு ஆகியவை போதும். ஆளுக்கொரு மண்வெட்டி தேவையில்லை. ஒருவர் வெட்ட, இருவர் சுமக்க, முறை மாற்றிக்கொள்ளும்போது வேலை ஓடும். விவசாய வீடுகளில் இரவல் வாங்கினால் ஒவ்வொன்றிலும் உரிமையாளர் பெயரைச் சாயத்தில் எழுதி, பதிவேட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். முந்தைய நாளே பிடி இறுக்கி, அலகு தீட்டி வைப்பது முதல் காலையின் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஆறாம் வாரத்தில் தங்கும் இடமும் சாப்பாடும். பெண்களுக்குத் தனி அறை, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, இரவில் விளக்கு ஆகிய மூன்றும் உறுதியாகாத இடத்தில் முகாம் வைக்கக் கூடாது. ஊரில் உள்ள மகளிர் சுயஉதவிக் குழுவிடம் சமையலைக் கூலிக்கு ஒப்படைப்பது நல்ல ஏற்பாடு. ஒரு கிலோ அரிசி உழைத்த வயிறுகள் ஏழெட்டுக்கு வரும். நாற்பது பேருக்கு வேளைக்கு ஐந்து முதல் ஆறு கிலோ தேவை. குடிநீர் ஆளுக்கு ஐந்து லிட்டருக்குக் குறையாமல், நாளொன்றுக்கு 200 லிட்டர் இருக்க வேண்டும்.

இரண்டு நாளின் ஒழுங்கு

வெள்ளி மாலை எல்லாரும் வந்து சேர்ந்ததும் கால்வாயை நடந்து பார்ப்பதே முதல் நிகழ்ச்சி. எங்கிருந்து எங்கே தண்ணீர் போகிறது என்று தெரிந்தவர் கையில் மண்வெட்டி வேறு மாதிரி இயங்கும்.

நாற்பது பேரையும் பத்துப் பேர் கொண்ட நான்கு குழுக்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் உள்ளூரார், வெளியூரார், மண்வேலை தெரிந்தவர், புதியவர் கலந்திருக்க வேண்டும். எந்த நேரத்திலும் மூன்று குழுக்கள் களத்திலும், ஒரு குழு தண்ணீர், பரிமாறல், கழிப்பறைத் துப்புரவு ஆகியவற்றிலும் இருக்கும். அரை நாளுக்கு ஒருமுறை முறை மாறும். கழிப்பறை கழுவுவதிலிருந்து யாருக்கும், எந்த அலுவலருக்கும், விலக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முகாமின் தன்மையைத் தீர்மானிக்கும்.

வேலை நேரம் காலை 6 முதல் 9.30 வரையும், மாலை 4 முதல் 6 வரையும் இருப்பது நல்லது. வேலைக்கு முன் ராகிக் கூழ் அல்லது சுக்குக் காப்பி, 8 மணிக்கு மோர், முடித்ததும் பொங்கலோ உப்புமாவோ. நண்பகலில் வெயிலில் நிற்க வைப்பது உழைப்பை வீணாக்குவது. அந்த நேரத்தில் கிணற்று நீர்மட்டம் அளப்பது, ஊர்ப் பெரியவர்களிடம் பழைய வரத்து வழிகளைக் கேட்டு எழுதுவது, கால்நடை மருத்துவ முகாமுக்கு உதவுவது போன்ற நிழல் வேலைகளை வைக்கலாம்.

கால்வாய் வேலையை ஏரி முனையிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போக வேண்டும். நடுவில் மழை வந்தாலும் வெட்டிய பகுதியில் நீர் தேங்காமல் ஏரிக்குப் போய்விடும். செப்டம்பர் மாலைகளில் இடிமழை இப்பகுதியில் இயல்பு என்பதால் இந்த வரிசை முக்கியமானது. எடுத்த மண்ணைக் கால்வாயின் விளிம்பில் கொட்டினால் முதல் மழையிலேயே உள்ளே சரியும். மூன்றடி தள்ளிப் போட்டு மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். பிளாஸ்டிக், கண்ணாடி ஆகியவற்றைத் தனிச் சாக்கில் கட்டி ஊராட்சியின் தூய்மைக் காவலர்களிடம் சேர்க்க வேண்டும்.

முதல் நாள் இரவு எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட பின் கூட்டம். எத்தனை முளை முடிந்தது, யாருக்கு என்ன சிரமம், நாளை எந்தக் குழு எங்கே என்பவற்றைப் பேசினால் போதும். நீண்ட சொற்பொழிவுகள் களைத்த உடலுக்குச் சுமை. இரண்டாம் நாள் மாலையைப் புது வேலைக்கு ஒதுக்காமல் மட்டம் சரிபார்க்கவும், கரை மிதிக்கவும், பனை விதை ஊன்றவும், கருவிகளைக் கழுவித் திருப்பிக் கொடுக்கவும் விட்டுவிட வேண்டும். பனை விதையைக் கரையின் வெளிப்புறத்தில் பத்தடிக்கு ஒன்றாக ஊன்றுவது வழக்கம்.

பாதுகாப்பு

புதரில் கை வைக்கும் முன் நீண்ட கழியால் தட்டிப் பார்க்க வேண்டும். கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் கால்வாய் ஓரங்களில் இருக்கக்கூடியவை. கடித்தால் கட்டுப்போடுவது, கீறி உறிஞ்சுவது போன்றவற்றில் நேரம் போக்காமல், கடிபட்டவரை அசையவிடாமல் 108-ஐ அழைத்து உத்திரமேரூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருப்பு உள்ளதா என்று முகாமுக்கு முன்பே கேட்டு வைப்பது ஏற்பாட்டாளரின் கடமை. கருவேல முள் குத்தினாலும் அரிவாள் பட்டாலும் டெட்டனஸ் ஊசி தேவை. தேங்கிய நீரில் புண்ணோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் தொற்றலாம் என்பதால் காயம் பட்டவரைக் கரை வேலைக்கு மாற்ற வேண்டும்.

அரிவாளும் கடப்பாரையும் பயன்படுத்துபவருக்கும் அடுத்தவருக்கும் இடையே ஆறடி இடைவெளி வேண்டும். மண் எடுத்த பள்ளங்கள் உள்ள ஏரியில் குளிக்க யாரையும் விடக் கூடாது. மேலே தட்டையாகத் தெரியும் நீருக்கடியில் பத்தடிக் குழி இருக்கும். தலைச்சுற்றல், வாந்தி, வியர்வை நிற்பது ஆகிய அறிகுறிகள் தெரிந்தால் நிழலுக்குக் கொண்டுபோய் உடலில் தண்ணீர் ஊற்றி, உடனே மருத்துவ உதவி பெற வேண்டும்.

கணக்கும் ஒப்படைப்பும்

முகாம் முடிந்த மூன்று நாளுக்குள் வரவு செலவு எழுதி ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். நன்கொடை தந்தவர், அரிசி தந்தவர், டிராக்டர் தந்தவர் எல்லாருடைய பங்கும் அதில் இருக்க வேண்டும். எத்தனை அடி வெட்டப்பட்டது, எந்த முளை முடியாமல் நின்றது என்பதும் சேர்ந்தால் அது முழுக் கணக்கு. அதையே அக்டோபர் 2 கிராம சபையில் படித்துப் பதிவு செய்ய வேண்டும். கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி பொறுப்பில்லை என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் உத்திரமேரூர்ச் சபை விதித்தது, இன்றைய முகாம் குழுவுக்கும் அப்படியே பொருந்தும்.

ஒப்படைப்பு இதைவிட முக்கியம். கால்வாயின் 500 அடியையும் கவனித்துக்கொள்ள ஆறு பேர் கொண்ட ஒரு குழுவைக் கிராம சபையே பெயரிட வேண்டும். அதில் கடைமடை விவசாயி, நீர்க்கட்டி, காலனியிலிருந்து ஒருவர், சுயஉதவிக் குழுப் பெண்கள் இருவர், பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தால் எல்லாப் பக்கமும் பார்க்கும் கண்கள் கிடைக்கும். முதல் பெருமழை நாளில் கால்வாயோடு நடந்து எங்கே அடைக்கிறது என்று பார்ப்பது, மாதம் ஒருமுறை குப்பை அகற்றுவது, பனங்கன்றை ஆடு கடிக்காமல் முள் வைப்பது என்று அவர்களின் வேலை சிறியதுதான். ஆண்டு முடிந்ததும் ஆள் மாற வேண்டும், பதிவேடு கைமாற வேண்டும்.

மழைக்குப் பிறகு, ஜனவரியில், முகாம் குழு ஒருமுறை திரும்பி வந்து அளக்க வேண்டும். கால்வாயில் மீண்டும் எத்தனை அங்குலம் தூர்ந்திருக்கிறது, ஏரி முந்தைய ஆண்டைவிட எவ்வளவு நிரம்பியது, கடைமடைக்குத் தண்ணீர் போனதா, எத்தனை பனங்கொட்டை முளைவிட்டிருக்கிறது என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதி, ஜனவரி 26 கிராம சபையில் வைக்க வேண்டும். அடுத்த முகாமுக்கான வேலைப் பட்டியல் அந்த விடைகளிலிருந்தே கிடைக்கும்.